அப்பாவின் ஆசை

அன்புள்ள சரவணனுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் நீ கத்துவாய், நான் அழுவேன், விஷயம் நடக்காது. தன் காலத்துக்குப் பிறகு மூளையை ஆராய்ச்சிக்காகப் பெங்களூர் நிமான்ஸ் மூளை-நரம்பு ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று அப்பா சொல்கிறாரே, அதைப் பற்றித்தான். "புத்தி தடுமாறிப் பேசுகிறார்" என்றாய். இல்லையப்பா. அவருக்கு இருக்கும் இந்தப் பார்க்கின்சன் நோயில் குழப்பமும் தெளிவும் மாறி மாறி வரும். அன்று பேப்பரில் குறுக்கெழுத்தை முடித்துவிட்டுத்தான் சொன்னார்.

டாக்டர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று ஒரு கறுத்த பட்டை. உடம்பு அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் அங்கேதான் இருக்கின்றன. அவற்றிலுள்ள நிறமிதான் அந்தக் கறுப்பு. பார்க்கின்சன் வந்தவர்களின் மூளையில் அந்த இடம் வெளிறிப் போயிருக்குமாம், வெறும் கண்ணுக்கே தெரியுமாம். கை நடுங்கத் தொடங்கும்போதே கிட்டத்தட்டப் பாதி செல்கள் செத்திருக்கும். மிஞ்சியவற்றுக்குள் உருண்டை உருண்டையாக ஏதோ திரண்டு கிடக்கும். 1912இல் லூயி என்ற ஜெர்மன் மருத்துவர் இவற்றைப் பற்றி எழுதினார், அதனால் லூயி பாடி என்று பெயர். அவை ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதம் என்று கண்டுபிடிக்க 1997 ஆகிவிட்டது, பார்.

பலருக்கு வாசனை அறியும் பகுதியில்தான் இது முதலில் தலைகாட்டுகிறதாம். பால் தீய்ந்து வீடே நாறினாலும் அப்பா அசையாமல் உட்கார்ந்திருப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? நாம் சைனஸ் என்றோம். இப்போது மேல்மூளை வரை வந்துவிட்டது. பீரோ பக்கத்தில் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்களாம். "அதுகளுக்கும் கொஞ்சம் காபி கொடேன்" என்கிறார். பயப்படவில்லை, அதுவரைக்கும் நல்லது. நீயும் வீடியோவில் "அங்கே யாரும் இல்லை" என்று வாதாடாதே.

ஸ்கேனில் இதெல்லாம் முழுசாகத் தெரியாது. எவ்வளவு தூரம் பரவியது, கூடவே அல்சைமர் மாற்றமும் கலந்திருக்கிறதா என்பதெல்லாம் திசுவை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால்தான் உறுதியாகும். நிமான்ஸில் 1995 முதல் மூளை வங்கி இருக்கிறது. ஓசூரிலிருந்து பக்கம்தான், ஆனால் சில மணி நேரத்துக்குள் நடந்தாக வேண்டிய காரியம். அவர் எழுதிக் கொடுத்தாலும் அந்த நேரத்தில் சம்மதிக்க வேண்டியது நாம். நீ அப்போது தகராறு செய்யக் கூடாது என்றுதான் இப்போதே எழுதுகிறேன். முகம் கெடாது, உடம்பைக் கொடுத்துவிடுவார்கள், கொள்ளி நீதான் வைக்கப் போகிறாய். உன் தங்கை சரி என்றுவிட்டாள்.

அப்புறம், நான் இல்லாத நேரத்தில் அப்பாவை எங்காவது அட்மிட் பண்ண நேர்ந்தால், பார்க்கின்சன் என்று முதலிலேயே சொல்லிவிடு. ராத்திரி கத்துகிறார் என்று ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தைப் போட்டால் உடம்பு கட்டை மாதிரி விறைத்துவிடும்.

பொங்கலுக்கு வரும்போது நீயே அவரிடம் கேள். காலை மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பேசு, அப்போதுதான் வார்த்தை தெளிவாக வரும்.

அம்மா