எச்பி எவ்வளவுன்னு போடறப்ப எப்படி அளந்ததுன்னும் போடுங்க

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் சேலம் பக்கத்துல ஒரு தம்பி தானே எஞ்சின் கட்டி பழைய காருல ஏத்தியிருக்காப்ல, 1298 சிசி, காத்தை அமுக்கி உள்ள தள்ளற டர்போ எதுவும் இல்ல, ஆனா 200 எச்பி (குதிரைத்திறன்), அடிவாரத்துல இருந்து ஏற்காட்டுக்கு 20 நிமிஷத்துல ஏறிடுதுன்னு போட்டோவோட போட்டிருந்தீங்க. படிச்சதும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு, நம்மூர்ப் பையன் லேத்து பட்டறையில நின்னு ஒரு எஞ்சின் கட்டறது லேசுப்பட்ட வேலை இல்லீங்க. ஆனா அந்த 200 எங்கிருந்து வந்துச்சுன்னு ஒரு வரி கூட இல்ல. நான் 26 வருஷமா செவ்வாய்ப்பேட்டையில மெக்கானிக்கா இருக்கறவன், அதான் மனசு கேக்காம எழுதறேன்.

மலை ஏறின நேரத்தை வச்சு எச்பி சொல்லவே முடியாதுங்க. ஆயிரம் கிலோ வண்டியை 1,100 மீட்டர் உசரத்துக்கு 20 நிமிஷத்துல தூக்கறதுக்கு சராசரியா வேணுங்கறது வெறும் 12 எச்பி தான், காத்து, டயர் இழுவைக்குன்னு இன்னும் கொஞ்சம் சேத்துக்கலாம், அவ்வளவுதான். நேரம் பெரும்பாலும் 20 கொண்டை ஊசி வளைவுலயும் பிரேக்கை மிதிச்சு திரும்பறதுல போகுது. அதுவும் போக மேல காத்து மெலிசு, வெயில் ஒண்ணா இருந்தா சேலத்தை விட ஏற்காட்டுல டர்போ இல்லாத எஞ்சின் 13 சதவீதம் போல பவரை இழந்துடும்.

எஞ்சின்னா காத்தை இழுத்து எரிக்கற மெஷின், அவ்வளவுதானுங்க. ஃபோர் ஸ்ட்ரோக்குல ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை தான் சிலிண்டர் நிரம்பும், அப்ப 1298 சிசி எஞ்சின் 6000 ஆர்பிஎம்ல, அதாவது நிமிஷத்துக்கு 6000 சுத்துல, நிமிஷத்துக்கு 3,900 லிட்டர் பக்கம் காத்து இழுக்கும், நம்மூர் வெயில்ல அது நாலரை கிலோ கூட வராது. அந்தக் காத்து முழுசா உள்ள போயி எரிஞ்சாலே 100 எச்பி பக்கத்துல தான் நிக்கும். இதே கணக்குப்படி 200 வேணும்னா கிட்டத்தட்ட 12,000 ஆர்பிஎம் சுத்தணும், இல்லாட்டி டர்போ வேணும். போரிங் போட்டு அரை எம்எம் ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டதையும் பெருசா எழுதியிருந்தீங்க, 74 எம்எம் போர் (சிலிண்டர் விட்டம்) 74.5 ஆனா கூடறது 18 சிசி தான்.

என் அக்கா பையன் கதையையும் சொல்லணும். அவன் மாருதி ஜென் காருல எஸ்டீம் கார் எஞ்சினை ஏத்தி, ஹெட்டு வேலை, கேம் வேலைன்னு ஒருத்தர் கிட்ட நிறைய காசு கொடுத்தான், 150 எச்பி வந்துடுச்சுன்னு வாய்வார்த்தையா சொல்லி அனுப்பிட்டாங்க. நான் வண்டியை ரெண்டு பேரு உக்காந்தபடியே லாரி எடை மேடையில ஏத்தினேன், 940 கிலோ. அப்புறம் கோயம்புத்தூர் செட்டிபாளையம் டிராக்குக்கு கொண்டு போய் மூணாவது கியர்லயே 60ல இருந்து 100 வரைக்கும் ஃபுல்லா மிதிக்கச் சொல்லி, ஸ்பீடாமீட்டரை நம்பாம போன் ஜிபிஎஸ்ல வேகம் பாத்தோம், போறப்பவும் வாறப்பவும் சராசரியா 6 செகண்டு. எடையும் வேகமும் வச்சு கணக்கு போட்டா 52 எச்பி, காத்துக்கும் டயருக்கும் ஒரு 9 சேத்தா வீல்ல 61, கியர்பாக்ஸ் தின்னதையும் சேத்தா பிளைவீல்ல, அதாவது எஞ்சினை விட்டு வெளிய வர்ற இடத்துல, 70. இது நடுவுல இருக்கற சராசரி, உச்சத்துல 95 தொட்டா பெருசு. கம்பெனி எஞ்சினே 85 எச்பி. பையன் ரெண்டு நாளா சரியா சாப்பிடல. எனக்கு அதை விட வேதனை என்னன்னா, 150ன்னு நம்பி அவன் போட்ட கெட்டி கிளட்ச்சை மிதிச்சு மிதிச்சு இடது முழங்கால் வலிக்குதுன்னான்.

பவரை அளக்கற டைனோ மெஷின்ல போட்டாலும் கேக்க வேண்டியது இருக்குங்க. வீல்ல வந்ததா, பிளைவீலுக்கு கூட்டிப் போட்டதா, எத்தனை ஆர்பிஎம்ல, வெயிலுக்கும் காத்தழுத்தத்துக்கும் ஏத்தபடி நம்பரைத் திருத்தற எந்த கரெக்சன்ல? கரெக்சனை மாத்தினாலே அதே வண்டிக்கு வேற நம்பர் வரும். அதே ஆர்பிஎம்ல டார்க், அதாவது எஞ்சின் முறுக்கற விசை, எவ்வளவுன்னு கேட்டுட்டா நாமளே சரி பாத்துக்கலாம், நியூட்டன் மீட்டரை ஆர்பிஎம்மால பெருக்கி 9549ஆல வகுத்தா கிலோவாட், அதை 0.746ஆல வகுத்தா எச்பி, பேனா பேப்பர் போதும்.

இனிமே இப்படி செய்தி வந்தா நிருபர் தம்பி இதைக் கேட்டு எழுதட்டும், அளக்கலைன்னா "உத்தேசமா"ன்னு ஒரு வார்த்தை போடட்டும். எஞ்சின் மாத்தினா ஆர்டிஓ ஆபீஸ்ல அனுமதி வாங்கி ஆர்சில ஏத்தணும்ங்கறதையும் சேத்துக்கங்க, மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு அதான் சொல்லுது. அந்த 20 நிமிஷத்தை மட்டும் தயவு செஞ்சு இனி போடாதீங்க ஐயா, மறுநாளே பட்டறைக்கு வந்த ரெண்டு பசங்க "அண்ணே நாங்க 18 நிமிஷத்துல ஏறணும்"னு கேட்டாங்க.

இப்படிக்கு,
ஒரு மெக்கானிக்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.