முட்டிக்கு வலு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முழங்காலில் எலும்புகளை இணைக்கும் நாரான லிகமென்ட் கிழிந்தால் ஆபரேஷன் செய்வதா வேண்டாமா, எத்தனை மாதத்தில் விளையாடலாம் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. முழங்காலுக்குள் இருக்கும் முக்கிய லிகமென்டான ஏசிஎல் எலும்புகளைப் பிடித்து வைக்கும் கயிறு மட்டும் அல்ல, அதற்குள் நரம்பு முனைகளும் இருக்கின்றன, முட்டி எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று மூளைக்குச் சொல்வதில் தசைகளோடு சேர்ந்து அவற்றுக்கும் பங்கு உண்டு. கிழிந்தால் அந்தத் தகவலும் குறையலாம்.

இதைச் சோதிப்பது எளிது. கண்ணை மூடச் சொல்லி, காலை ஒரு கோணத்தில் நிறுத்தி, பிறகு இறக்கிவிட்டு, அதே கோணத்துக்கு மறுபடி கொண்டுவரச் சொல்வார்கள், எத்தனை டிகிரி தவறுகிறது என்று பார்ப்பார்கள். ஆனால் உட்கார்ந்தபடி இதில் தேறிவிட்டால் ஓடவும் குதிக்கவும் தயார் என்று அர்த்தமே இல்லை. தொடைத் தசையின் வலு, ஒற்றைக்காலில் தாவும் தூரம், தரையில் இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்கிறதா, எல்லாம் பார்க்கணும். தாவும் தூரம் மறுகாலோடு ஒப்பிட்டால் 90 சதவீதமாவது வர வேண்டும் என்பது பரவலான அளவுகோல், அதுகூட முழு உண்மை சொல்லாது, ஏனென்றால் ஓய்வில் இருந்த மாதங்களில் அந்த நல்ல காலும் வலுவிழந்திருக்கலாம்.

வலி நின்றதும் பிசியோதெரபியை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம் என்று எனக்குப் படுகிறது, வருத்தமாக இருக்கிறது. ஒற்றைக்காலில் நின்று சமநிலை பழகுவது, தாவி மெதுவாக இறங்குவது, சட்டென்று திசை மாறுவது எல்லாம் அதற்கு அப்புறம்தானே வருகின்றன! உங்கள் மருத்துவப் பக்கத்தில் இந்தப் பயிற்சிகளைப் படத்துடன் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி