செய்தவர் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் வந்த வீடியோ கேம் கட்டுரையை நானும் என் மகனும் சேர்ந்து படித்தோம். எந்த கேம் எத்தனை விற்றது, எந்தக் கம்பெனி வெளியிட்டது என்றெல்லாம் இருந்தது. செய்தவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது, சபுராளியான (வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போன) எங்கள் மாமா துபாயிலிருந்து ஒரு டிவி கேம் கொண்டுவந்தார். கூடவே சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3 கேசட். அதில் ஒரு ஊதல் கிடைக்கும். ஊதினால் சூறைக்காற்று வந்து மாரியோவைத் தூக்கிக்கொண்டு போகும். அந்த மெட்டு மனதிலேயே தங்கிவிட்டது. பல வருடம் கழித்து, 1986-இல் வந்த முதல் செல்டா கேமை விளையாடினேன். அதில் நாயகன் லிங்க் ஒரு குழலை எடுத்து ஊதினான். அதே மெட்டு! அதே மாதிரி காற்று வந்து அவனையும் தூக்கிப் போனது. எனக்குப் புல்லரித்துவிட்டது. அப்புறம் தேடிப் படித்தேன். இரண்டுக்கும் இசையமைத்தவர் கோஜி கொண்டோ. இரண்டையும் இயக்கியவர்கள் ஷிகெரு மியமோட்டோவும் தகாஷி தெசுகாவும். அதே தெசுகா 1993-இல் இயக்கிய செல்டா கேமில், மாரியோவின் பழைய எதிரியான இரும்புக் குண்டு ஒரு வீட்டு வாசலில் வளர்ப்பு நாயாகச் சங்கிலியில் கட்டிக் கிடக்கிறது!

இதை வெறும் வேடிக்கை என்று விட எனக்கு மனம் வரவில்லை. அடாரி கம்பெனி ஒரு காலத்தில் கேம் எழுதியவர் பெயரை எங்கேயும் போட விடவில்லை. அதனால்தான் வாரன் ராபினெட் தன் அட்வென்ச்சர் கேமுக்குள் ஒரு ரகசிய அறை கட்டி, அதில் தன் பெயரை எழுதி வைத்தார். கம்பெனிக்கே தெரியாது. விளையாடிய ஒரு பையன் கண்டுபிடித்துக் கடிதம் போட்டபோது ராபினெட் அங்கே வேலையில் இல்லை. பெயர் கிடைக்காத வருத்தத்திலேயே வேறு நான்கு பேர் 1979-இல் வெளியேறி ஆக்டிவிஷன் தொடங்கினார்கள்.

1995-இல் வந்த க்ரோனோ ட்ரிக்கர் கேமும் அப்படி ஆட்களால் உருவானதுதான். ஃபைனல் ஃபேன்டசி கேமை உருவாக்கிய ஹிரோனோபு சகாகுச்சி, போட்டிக் கம்பெனியின் டிராகன் குவெஸ்ட் கேமை எழுதிய யூஜி ஹோரி, டிராகன் பால் காமிக்ஸ் வரைந்த அகிரா டோரியாமா மூவரும் ஒன்று சேர்ந்தார்கள். அதில் வேலை பார்த்த டெட்சுயா தகாஹாஷியும் இசையமைத்த யசுனோரி மிட்சுதாவும் 1998-இல் ஜெனோகியர்ஸ் என்ற கேமைச் செய்தார்கள். அதன் முதல் கிராமத்திலேயே க்ரோனோ ட்ரிக்கரின் பாத்திரமான லூக்கா வந்து நிற்கிறாள். யார் செய்தார்கள் என்று தெரிந்தவனுக்கு அவள் ஏன் அங்கே நிற்கிறாள் என்பதும் தெரியும்.

எங்கள் கீழக்கரையில் ஒரு வத்தை (மரப் படகு) கரையில் கிடந்தால், அணியத்தின், அதாவது முன்பக்கத்தின், வளைவைப் பார்த்தே இது படகு கட்டும் இன்ன ஓடாவியின் கை என்று வாப்பா சொல்லிவிடுவார். படகின் பக்கவாட்டுப் பலகையில் முதலாளி பெயர் பெரிதாக எழுதியிருக்கும். மாதக் கணக்கில் உளி பிடித்தவர் பெயர் இருக்காது. வாப்பா மாதிரி ஆட்கள் வாயால் சொல்லிச் சொல்லித்தான் அந்தப் பெயர்கள் எனக்குத் தெரியும்.

சரி, நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. சினிமா விமர்சனத்தில் இயக்குநர், இசையமைப்பாளர் பெயர் இல்லாமல் நீங்கள் அச்சடிப்பதில்லை. கேம் பற்றி எழுதும்போதும் இயக்கியவர், கதை எழுதியவர், இசையமைத்தவர் என்று இரண்டு வரி ஒதுக்குங்கள். அந்தக் கட்டுரையில் மாரியோ படத்துக்குக் கீழே காலி இடம் இருந்தது. கொண்டோ பெயரை அதிலேயே போட்டிருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கீழக்கரை, ராமநாதபுரம் மாவட்டம்