செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: கும்பகோணத்துக்கான வரவேற்புப் பலகைகளும் வழிகாட்டிப் பலகைகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், துணைத் தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் ஆகியோருக்கும், ஞாயிற்றுக்கிழமையின் சொந்த வேலைகளை ஒதுக்கிவைத்து இப்பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும் என் பணிவான வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நம் சங்கம் ஆற்றிய பணிகளை அவையின் முன் வைக்கிறேன். சுதந்திர தினத்தன்றும் குடியரசு தினத்தன்றும் சங்க வாசலில் கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். கண் பரிசோதனை முகாமும் ரத்த தான முகாமும் வழக்கம்போல் நடைபெற்றன. அரசலாற்றங்கரையில் நட்ட மரக்கன்றுகளில் பெரும்பாலானவை பிழைத்துள்ளன. இவ்வாண்டில் நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்கள் இருவருக்கும் சங்கம் தன் அஞ்சலியைச் செலுத்துகிறது.

இவ்வாண்டின் முதன்மைப் பணி, நம் நகரத்துக்கான புதிய வரவேற்புப் பலகைகளையும் வழிகாட்டிப் பலகைகளையும் வடிவமைத்து, உரிய அலுவலகத்தில் ஒப்படைப்பதற்கான ஒரு திட்டமாகத் தயாரித்ததாகும். சென்ற பொதுக்குழுவில் இதற்கெனத் தீர்மானம் நிறைவேற்றி எழுவர் கொண்ட துணைக்குழுவை அமைத்தோம். இந்தப் பணிக்கு இவ்வளவு நேரமும் பணமும் தேவைதானா என்று சில உறுப்பினர்கள் வெளியே கேட்டதாக அறிகிறேன். ஆகவே சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

2016ஆம் ஆண்டு மகாமகத்துக்குப் பின் அடுத்த மகாமகம் 2028இல் வருகிறது. 1992ஆம் ஆண்டு மகாமகத்தன்று குளக்கரையில் ஏற்பட்ட நெரிசலில் ஏறத்தாழ ஐம்பது பேர் உயிரிழந்ததை நம்மில் மூத்தவர்கள் மறக்கவில்லை. அந்தத் துயரத்துக்குக் காரணங்கள் பல. பலகை இருந்திருந்தால் அது நேர்ந்திராது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எந்தத் தெரு வழியாக வர வேண்டும், எந்தத் தெரு வழியாகத் திரும்ப வேண்டும் என்பது வெளியூரிலிருந்து வருபவருக்கு முன்கூட்டியே கண்ணில் பட வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. கூட்டம் வந்தபின் கட்டும் துணிப் பலகைகளை யாரும் நின்று படிப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் ஒரே வடிவில் நிற்கும் பலகையைத்தான் மக்கள் நம்புகிறார்கள்.

முதற்கட்டமாக, பேருந்து நிலைய வாசலில் ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் நின்று, வெளியூரார் ஆட்டோ ஓட்டுநர்களிடமும் டீக்கடைகளிலும் என்ன கேட்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டேன். உள்ளூரில் பிறந்து வளர்ந்த எனக்கு அதுவரை தோன்றாத ஒன்று அங்கே விளங்கியது. ‘குளத்துக்கு எப்படிப் போக வேண்டும்’ என்று கேட்பவர்களில் பலருக்கு நம் ஊரில் மகாமகக் குளம், பொற்றாமரைக் குளம் என இரண்டு பெரிய குளங்கள் இருப்பது தெரியாது. ரயில் நிலையத்துக்கு அருகிலேயே இருக்கும் மகாமகக் குளத்தைத் தேடிக்கொண்டு, கும்பேசுவரர் கோயிலுக்கும் சாரங்கபாணி கோயிலுக்கும் இடையிலுள்ள பொற்றாமரைக் குளம்வரை நடந்துவிட்டு, வெயிலில் திரும்பி வந்த ஒரு குடும்பத்தை நானே அழைத்துச் சென்று விட்டேன். கணித மேதை ராமானுஜன் வாழ்ந்த வீட்டைத் தேடி வரும் மாணவர்களோ, அது சாரங்கபாணி சன்னதித் தெருவில் இருப்பது தெரியாமல் அவர் படித்த கல்லூரிக்குப் போய்விடுகிறார்கள். நவக்கிரகத் தலங்களுக்கு வருபவர்கள் ஆலங்குடி, திருநாகேசுவரம், சூரியனார்கோயில், கஞ்சனூர் ஆகிய ஊர்களுக்கு எந்தத் திசையில் கிளம்புவது என்று பேருந்து நிலையத்திலேயே குழம்பி நிற்கிறார்கள்.

இதனால் துணைக்குழு பலகைகளை மூன்று வகையாகப் பிரித்தது. ஊர் எல்லையில் வரவேற்புப் பலகை, சாலைச் சந்திப்புகளில் வாகன ஓட்டிகளுக்கான வழிகாட்டிப் பலகை, கோயில்களைச் சுற்றியுள்ள வீதிகளில் நடந்து செல்வோருக்குக் கண் மட்டத்தில் சிறு பலகை என்பவை அவை. சாலைப் பலகைகளுக்கென இந்திய சாலைப் பேராயம் வகுத்த ஐ.ஆர்.சி. 67 விதிநூலை ஒட்டியே திட்டத்தைத் தயாரித்தோம். விக்கிரவாண்டியிலிருந்து நம் ஊர் வழியாகத் தஞ்சாவூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 36இல் பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் போன்ற சுற்றுலாத் தலங்களுக்குப் பழுப்புப் பின்னணி. தாராசுரம் 2004இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோயில். அதற்கு வழி கேட்டுத்தான் போக வேண்டும் என்ற நிலை நமக்குப் பெருமை தராது.

எழுத்தின் அளவைப் பற்றித்தான் குழுவில் அதிகம் விவாதித்தோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நொடிக்குச் சுமார் 14 மீட்டர் நகர்கிறது. ஓட்டுநர் படித்துப் புரிந்துகொள்ள நான்கு நொடி கொடுத்தாலும், ஏறத்தாழ 180 அடி தொலைவிலிருந்தே எழுத்து தெரிந்தாக வேண்டும். ஓர் அங்குல உயர எழுத்துக்கு 30 அடி என்பது அமெரிக்கச் சாலை விதிநூலின் கணக்கு. அதன்படி ஆறு அங்குலம் வருகிறது. ஆனால் அது ரோமன் எழுத்துக்கான கணக்கு என்பதை நான் கூட்டத்தில் வலியுறுத்தினேன். தமிழில் ‘கி’க்கு மேலே வளைவும் ‘மு’வுக்குக் கீழே சுழியும் உண்டு. அவற்றையும் சேர்த்து ஆறு அங்குலம் என்று அளந்தால், ‘ப’வும் ‘ட’வும் மூன்றரை அங்குலத்துக்குச் சுருங்கிப் போகும். ஆகவே ‘ப’வின் உயரமே ஆறு அங்குலம் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தோம். ஆங்கிலத்தைப் போலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு தமிழில் இல்லாததால், ஊர்ப்பெயரை எடுத்துக்காட்ட எழுத்தின் தடிமனையே நம்ப வேண்டியிருக்கிறது. தடிமனை மிகவும் கூட்டினால் ‘ண’வின் சுழிகள் அடைந்துபோய், ‘ன’விலிருந்து அதைப் பிரித்தறிய முடிவதில்லை. புள்ளியும் மேற்கோட்டோடு ஒட்டிக்கொள்கிறது. கல்லூரித் திடலில் மாதிரித் தாள்களைத் தொங்கவிட்டு, கண்ணாடி அணிந்த மூத்த உறுப்பினர் ஒருவரைத் தொலைவிலிருந்து நடந்துவரச் செய்து பார்த்தபின்பே, நடுத்தரத் தடிமனும் எழுத்துகளுக்கிடையே தாராளமான இடைவெளியும் கொண்ட எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தோம். ஒரு பலகையில் மூன்று இடங்களுக்கு மேல் எழுதக் கூடாது என்பதையும் அன்றே முடிவு செய்தோம்.

ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் ஒரு நெறி தேவைப்பட்டது. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி வெளியிட்டு, எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றதை அறிவீர்கள். ரயில் பயணச்சீட்டில் வருபவர் காணும் எழுத்துக்கூட்டலே பலகையிலும் இருக்கட்டும் என்று முடிவெடுத்தோம். தமிழில் ‘மகாமகக் குளம்’ என்று ஒற்று மிகுந்தே எழுத வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இது வீண் பிடிவாதம் என்று கருதியவர்கள், பிழையாக எழுதிய பெயரைத் தினமும் பள்ளிக் குழந்தைகள் படித்துக்கொண்டு போவதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

வரவேற்புப் பலகைக்கு ஆர்ச் வேண்டும் என்று பலர் விரும்பினர். 1981ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டின்போது மதுரை மாட்டுத்தாவணியில் எழுப்பிய வளைவை, போக்குவரத்துக்கு இடையூறு என்று 2025 பிப்ரவரியில் இடிக்கும்போது, இயந்திரத்தை இயக்கியவர் இடிபாட்டில் சிக்கி உயிரிழந்தார். அதைக் கண்டபின்னும் சாலையின் குறுக்கே கான்கிரீட் வளைவு கட்டச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. நம் ஊருக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. சாரங்கபாணி கோயில் தேர் தமிழ்நாட்டின் மிகப் பெரிய தேர்களில் ஒன்று. அது ஓடும் வீதிகளில் மேலே எதுவும் குறுக்கிடலாகாது. ஆகையால் தேரோடும் வீதிகளில் நடும் கம்பங்கள் யாவும் அடித்தட்டில் போல்ட்டைக் கழற்றி எடுத்துவைக்கக் கூடியவையாக இருக்க வேண்டும் என்று திட்டத்தில் எழுதியிருக்கிறோம். ஊர் எல்லையில் மட்டும் சாலையோரம் தாழ்ந்த கற்சுவரும் அதில் ஊர்ப்பெயரும் போதும்.

அந்தச் சுவரில் என்ன படம் வைப்பது என்பதில் மூன்று கூட்டங்கள் கழிந்தன. சாரங்கபாணி கோயிலின் பதினோரு நிலைக் கோபுரம் என்றார்கள் சிலர். 2025 ஏப்ரலில் புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலையை வைக்க வேண்டும் என்றார்கள் வேறு சிலர். பித்தளைப் பாத்திரத்தையும் டிகிரி காபியையும் முன்மொழிந்தவர்களும் உண்டு. தேவாரம் நம் ஊரைக் குடமூக்கு என்கிறது. நாமே இன்றும் அன்பாகக் குடந்தை என்று அழைக்கிறோம். பெயரிலேயே குடம் இருப்பதால், ஒரே கோட்டில் வரைந்த கும்பமும், அதன் கீழ் ‘கும்பகோணம்’ என்ற பெயரும், சிறிய எழுத்தில் ‘குடந்தை உங்களை வரவேற்கிறது’ என்ற வரியும் போதும் என்ற என் யோசனை இறுதியில் ஏற்கப்பட்டது. தலைவர்களின் படமோ நன்கொடையாளர் பெயரோ பலகையில் இடம்பெறாது. நன்கொடை தர முன்வந்த ஒருவர் இதனால் பின்வாங்கிவிட்டார். அந்த முடிவுக்கு நானே பொறுப்பேற்கிறேன்.

மாதிரிப் பலகை ஒன்று ‘குமபகோணம்’ என்று புள்ளியில்லாமல் வந்ததைப் பற்றிப் பேச்சு எழுந்தது. நான் கையெழுத்திட்ட சரிபார்ப்புப் படியில் புள்ளி இருந்தது. அச்சகத்தில் எழுத்துருவை மாற்றியபோது அது விடுபட்டது. அந்தப் படி கோப்பில் உள்ளது, எவரும் பார்க்கலாம். மறுபடியும் அச்சிட்ட செலவைச் சங்கக் கணக்கில் எழுதவில்லை.

துணைக்குழுவில் எழுவர் இருந்தோம் என்று முன்பே குறிப்பிட்டேன். படத்தைப் பற்றிய விவாதத்துக்கு எழுவரும் வந்தனர். சந்திப்பு சந்திப்பாகச் சென்று கம்பம் நடுமிடத்தை அளந்த ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு வந்தவர்கள் இருவர் மட்டுமே. அவர்களில் ஒருவர் சங்க உறுப்பினரே அல்லாத கல்லூரி மாணவர். தஞ்சாவூர் சாலையிலும் சென்னை சாலையிலும் அளவெடுத்தோம். ஆள் இல்லாததால் மயிலாடுதுறை சாலை விடுபட்டது. திட்டத்தில் அந்தப் பக்கம் வெறுமையாக இருப்பதற்கு இதுவே காரணம். செயற்குழுக் கூட்டங்களில் மூன்று, போதிய எண்ணிக்கை இல்லாமல் ஒத்திவைக்கப்பட்டன. வர இயலாதவர்கள் ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிவித்திருந்தால், வந்தவர்கள் ஒரு மணி நேரம் காத்திருக்க நேர்ந்திராது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். முகாம்களுக்கும் அலுவலக வாடகைக்கும் போக, மாதிரிப் பலகைகளுக்கான தொகை ஒப்புதல் பெற்ற வரம்புக்குள்ளேயே அடங்கியது என்பதையும், ஆண்டு முடிவில் சிறிதளவு கையிருப்பு உள்ளது என்பதையும் மட்டும் சொல்லிக்கொள்கிறேன். சந்தா பாக்கி மிகுதி. உறுப்பினர்களில் பாதிப்பேருக்கு மேல் இவ்வாண்டுச் சந்தாவைச் செலுத்தவில்லை. சிலருக்கு மூன்றாண்டு பாக்கி உள்ளது. பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதை மதிக்கிறேன். ஆனால் ஒரு பொதுவேலைக்கு நாம் பிறரிடம் கை நீட்டும்போது, உங்கள் உறுப்பினர்கள் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதே அவர்கள் கேட்கும் முதற்கேள்வி.

கணக்கைத் தணிக்கை செய்து தந்தவருக்கும், கூட்டங்களுக்கு மண்டபம் அளித்தவருக்கும், முகாம்களுக்கு வந்து உதவிய மருத்துவர்களுக்கும், திட்ட வரைபடங்களைக் கட்டணமின்றி வரைந்து தந்த இளைஞருக்கும், பொறுமையோடு வழிநடத்திய தலைவர் அவர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன்.

வரும் ஆண்டில் மயிலாடுதுறை சாலை அளவீட்டை முடித்து, முழுத் திட்டத்தையும் ஒப்படைக்க வேண்டும். இரவில் வண்டி விளக்கு பட்டு ஒளிரும் தாள் ஒட்டிய பலகையின் விலை சாதாரணப் பலகையைவிட அதிகம். ஒன்றையேனும் நம் செலவில் நிறுத்திக் காட்டினால்தான் மற்றவற்றைக் கேட்கும் தகுதி நமக்கு வரும். அந்த முதற்பலகை, இரண்டு குளங்களுக்கும் வழி பிரியும் இடத்தில் நிற்க வேண்டும் என்பது என் விருப்பம். செயலாளர் பொறுப்பைத் தொடர்வதா என்பதை இவ்வவையின் முடிவுக்கே விடுகிறேன். என்னைவிட நேரம் உள்ளவர் முன்வந்தால் கோப்புகள் அனைத்தையும் ஒழுங்காக ஒப்படைப்பேன். யாராயினும், அளவெடுக்கும் நாளில் நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஒருவராவது உடன் வர வேண்டும். அடுத்த மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மகாமகக் குளத்தின் வடகரையில் கூடுகிறோம். சந்தா ரசீதுப் புத்தகத்தையும் கொண்டு வருவேன்.

இங்ஙனம்,
செயலாளர்