இறக்கை முனைக்கும் கண் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

விமான விபத்து என்றதும் வானத்தையும் ஓடுபாதையையும் நினைக்கும் நாம், நிறுத்துமிடத்துக்கும் ஓடுபாதைக்கும் இடையே விமானங்கள் ஊர்ந்து செல்லும் இணைப்புப் பாதைகளை மறந்துவிடுகிறோம். 2024 மார்ச் 27 அன்று கொல்கத்தாவில், சென்னைக்குப் புறப்படக் காத்து நின்ற விமானத்தின் இறக்கையில் மற்றொரு விமானத்தின் இறக்கை மோதியது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் அட்லாண்டாவில், ஏர்பஸ் ஏ350 ஒன்றின் இறக்கை ஒரு சிறிய விமானத்தின் வாலையே பெயர்த்துத் தள்ளியது.

பெரிய விமானங்கள் பலவற்றில் விமானி தம் இருக்கையிலிருந்து இறக்கையின் முனையைப் பார்க்க இயலாது. கட்டுப்பாட்டுக் கோபுரம் வழியைச் சொன்னாலும், இறக்கை இடிக்காமல் செல்லும் பொறுப்பு பெரும்பாலும் விமானியையே சாரும். முன்னே நிற்கும் விமானம், ஓடுபாதைக்கு முன் காத்து நிற்க வேண்டிய கோட்டுக்குச் சற்று முன்பாகவே நின்றுவிட்டால், அதன் வால் பின்னாலுள்ள பாதையில் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியை, அதிலும் இரவில், கண்ணால் மட்டும் அளந்துவிட முடியுமா? இதனால்தான் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், பெரிய விமானங்களில் கேமரா போன்ற மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமாக வேண்டும் என்று 2012-லேயே பரிந்துரைத்தது.

2001 அக்டோபரில் இத்தாலியின் மிலான் லினாத்தே விமான நிலையத்தில், பனிமூட்டத்தில் வழி தவறிய சிறு விமானம் ஓடுபாதைக்குள் நுழைய, புறப்பட்டுக்கொண்டிருந்த பயணிகள் விமானம் அதன்மீது மோதியதில் 118 பேர் இறந்தனர். அன்று அங்கே தரைக்கண்காணிப்பு ரேடார் இயங்கவில்லை. நம் நாட்டின் நெரிசலான நிலையங்களில் இந்த ரேடார் எந்நேரமும் இயங்குவதையும், குறுகலான வளைவுகளில் இறக்கையைக் கவனித்து வழிகாட்ட ஊழியர் நிற்பதையும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் உறுதிசெய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், தாம்பரம்