விண்டோஸை அழிப்பதற்கு முன்னால்

அன்புள்ள கண்ணா,

நேற்று போனில் நீ பேசிய பதற்றம் இன்னும் காதிலேயே இருக்கிறது. கணினி நினைத்தபோதெல்லாம் ரீஸ்டார்ட் ஆகிறது, சில நேரம் விண்டோஸ் நிலைகுலைந்து நீலத் திரை வருகிறது, சில நேரம் அதுகூட இல்லை, சனிக்கிழமை எல்லாவற்றையும் ஃபார்மட் அடித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடப்போகிறேன் என்றாய். கொஞ்சம் பொறு. இத்தனை வருஷம் சர்வீஸ் பெஞ்சில் உட்கார்ந்தவள் சொல்கிறேன்: கோளாறு எங்கே என்று தெரியாமல் ஃபார்மட் அடித்தால் இருந்த தடயமும் போய்விடும், கோளாறு அப்படியே இருக்கும்.

முதலில் உன் ஃபைல்களைக் காப்பாற்று, ஆராய்ச்சியெல்லாம் அப்புறம். போட்டோக்கள், சான்றிதழ்கள், பாதியில் நிற்கும் வேலை என்று எது போனால் திரும்ப வராதோ, அதை இன்றைக்கே வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி பண்ணு. ஒருவேளை டிஸ்க்தான் சாகக் கிடக்கிறது என்றால், ஸ்கேன் மேல் ஸ்கேன் ஓட்டிச் சோதிக்கப் போய் நீயே அதை முடித்துவிடுவாய். காப்பி முடிந்ததும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து பார். மஞ்சளிலோ சிவப்பிலோ எச்சரிக்கை வந்தால் டிஸ்க்கை மாற்றிவிட்டுத்தான் மற்ற பேச்சு.

நீலத் திரையைப் படிப்பதற்குள் மறைந்துவிடுகிறது என்றாயே, விண்டோஸை அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தேடித் திற. 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி' பகுதியில் 'ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட்' என்ற டிக்கை எடுத்துவிடு. இனிமேல் அந்தத் திரை நீ ஆஃப் பண்ணும்வரை நிற்கும். விண்டோஸ் 11 என்றால் நீலத்துக்குப் பதில் கறுப்பாகவும் வரலாம், 2025-இல் மாற்றிவிட்டார்கள். எந்த நிறமாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் போட்டோ எடு. அதில் 'ஸ்டாப் கோட்' என்ற வரியும், சில நேரம் 'வாட் ஃபெயில்ட்' என்று ஒரு ஃபைல் பெயரும் இருக்கும். ஒவ்வொரு முறையும் அதே ஃபைல் பெயர் வந்தால் அந்த டிரைவரை, அதாவது ஒரு பாகத்தை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருளை, பிடி. இன்று 'மெமரி மேனேஜ்மென்ட்', நாளை வேறொன்று, மறுநாள் இன்னொன்று என்று கோட் மாறிக்கொண்டே இருந்தால் எனக்கு ராம் மேல்தான், அதாவது ஓடும் வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகத்தின் மேல்தான், முதல் சந்தேகம் வரும்.

நடுவே ஒன்று. விண்டோஸ் நடந்ததையெல்லாம் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்ற வரியைப் பார்த்துவிட்டு, பவர் சப்ளை போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதே. நிறையப் பேர் அப்படித்தான் வீணாகப் புதிது வாங்குகிறார்கள். முறையாக ஷட் டவுன் ஆகாமல் கணினி மறுபடி எழுந்திருக்கிறது என்பதற்கு மேல் அந்த வரி எதையும் சொல்லவில்லை. ஓடும்போது பிளக்கைப் பிடுங்கினாலும் அதே 41-தான் வரும்.

சரி, ராமுக்கு வருகிறேன். பழையதோடு இன்னொரு ராம் வாங்கிச் சேர்த்தேன் என்று முன்பு சொன்னாய் அல்லவா? இந்தத் தொல்லை அதற்குப் பிறகுதானே தொடங்கியது? வேறு வேறு சமயத்தில் வாங்கிய ராம்கள் ஒன்றாக ஓடும்போது சில நேரம் ஒத்துப்போகாது, அதுவும் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரையில், எக்ஸ்எம்பி போட்டு வேகத்தைக் கூட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். எக்ஸ்எம்பியை ஆஃப் பண்ணு. பிறகு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, இரவு முழுக்க ஓடவிடு. இலவசப் பதிப்பே நான்கு சுற்று ஓடும், அது போதும். ஒரே ஒரு எரர் வந்தாலும் ஃபெயில்தான், ராமுக்குப் பாஸ் மார்க் கிடையாது.

எரர் வந்தால் ஆஃப் பண்ணிப் பிளக்கைப் பிடுங்கு. பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடி, மிச்சமிருக்கும் மின்சாரம் வடியட்டும். கேபினெட்டின் இரும்பைத் தொட்ட பிறகு உள்ளே கை வை. ஸ்லாட்டின் ஓரத்துக் கொக்கியை விலக்கினால் ராம் தானாக மேலெழும்பும். ஓரங்களில் மட்டும் பிடி, அடியில் இருக்கும் பொன்னிறக் கோடுகளில் விரல் படக்கூடாது. ஒரு ராமை மட்டும் மாட்டு. கொக்கி தானாக வந்து 'டக்' என்று உட்காரும்வரை அழுத்து, பயந்து பயந்து அழுத்தினால் ஒரு பக்கம் அரைகுறையாக நின்றுவிடும். அதைச் சோதித்தபின் அடுத்த ராமை அதே ஸ்லாட்டில் போட்டுச் சோதி. எரர் ராமோடு போகிறதா, ஸ்லாட்டோடு நிற்கிறதா என்று அப்போது தெரிந்துவிடும்.

நீலத் திரையே இல்லாமல் பட்டென்று அணைவது மட்டும் வேறு கதையாக இருக்கலாம். கேம், வீடியோ எடிட்டிங் மாதிரி கனமான வேலையில்தான் அப்படி ஆகிறதா என்று கவனி. சூட்டைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் பிராசசர் சூடு 95, 100 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்தால், அந்தச் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்க்கைப் பார். ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஊதிச் சுத்தம் செய்யும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள். சூடு சரியாக இருந்தும் அணைந்தால் பவர் சப்ளையைச் சந்தேகப்படு. ஆனால் தயவுசெய்து அதைத் திறக்காதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் உயிரைப் பறிக்கிற மின்சாரம் தங்கியிருக்கும். நல்ல நிலையில் இருக்கும் இன்னொன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார், அது போதும்.

கோளாறு டிரைவரில்தான் என்று தெரிந்தால், அத்தியாவசியமானவற்றோடு மட்டும் விண்டோஸ் எழும் சேஃப் மோடில் போய் அதை நீக்கு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றபோது, பெரும்பாலும் சேஃப் மோடில் போய் அந்த அப்டேட்டில் வந்த ஒரு ஃபைலை அழித்துத்தான் மீட்டார்கள். அப்படி மீட்டவர்கள் ஃபார்மட் அடிக்க வேண்டியிருக்கவில்லை.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதைத் தேதியோடு குறித்து வை. ராமையும் டிரைவரையும் ஒரே நாளில் மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. நடு ராத்திரி வரை உட்கார்ந்து செய்த வேலை சேவ் ஆகாமல் போகும்போது உனக்கு வரும் வேதனை எனக்குப் புரிகிறது, அதனால்தான் இது முழுதாகத் தீர வேண்டும் என்கிறேன்.

இன்று காப்பி, இரவு மெம்டெஸ்ட். காலையில் அந்தத் திரையை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, எரர் இல்லாவிட்டாலும் அனுப்பு, அடுத்து எங்கே தேடுவது என்று பேசலாம். அதுவரை எந்தப் பாகத்துக்கும் காசு கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அம்மா