குழாயடியில் மறுபடி முளைத்தது

பெனோனி, தென்னாப்பிரிக்கா
செப்டம்பர் 10

அன்புள்ள மங்களம்,

இரண்டு வருஷமாக உனக்கு எழுதவில்லை. நீ போட்ட மூன்று கடிதமும் சாமி அலமாரியில்தான் இருக்கின்றன. திட்ட வேண்டியதைத் திட்டிவிட்டு மேலே படி. முட்டிவலி பரவாயில்லை. பேரனுக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது. லட்சுமி அண்ணி அப்படியேதான் இருக்கிறார், உனக்குத் தெரியாததா!

விஷயத்துக்கு வருகிறேன். லெனேசியா வீட்டுப் பாப்பிச் செடி சாகவில்லை, மங்களம்!

நான் எழுதாமல் போனதே அந்தச் செடியால்தான். வீட்டை விற்றபோது அவர் வைத்ததை விட்டுவர மனசில்லை. அக்டோபரில், பூத்து நிற்கிற நேரத்தில், தோண்டிப் பக்கி பிக்கப் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். மூன்று வாரத்தில் கருகிப்போனது. அவரை இரண்டாம் தடவை வழியனுப்பிய மாதிரி இருந்தது. யாரோடும் பேசப் பிடிக்கவில்லை, உன்னோடுகூட.

இந்த ஓரியண்டல் பாப்பிக்குச் சொந்த ஊர் காக்கசஸ், வட ஈரான் மலைப் பக்கம். ஆணிவேர் ஆழமாக இறங்கும். இடம் மாற்றினால் தாங்காது. தோண்டும்போது அறுந்த பாதி மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். அந்தப் பாதிதான்! வீட்டை வாங்கியவர்களின் ஆயா ஏப்ரலில் போன் பண்ணினார். "குழாயடியில நாலு இடத்துல சொரசொரன்னு இலை வருதும்மா, களையா? பிடுங்கிடட்டுமா?" நான் போட்ட சத்தத்தில் மருமகள் அடுப்பை விட்டு ஓடிவந்தாள்.

ஜூலையில் போய் ஒன்றை மட்டும் எடுத்தேன். மூன்றை அங்கேயே விட்டுவிட்டேன். பென்சில் கனமுள்ள வேராகப் பார்த்து ஏழு செ.மீ. நீளத்துக்கு நறுக்கினேன். மேல்முனையை நேராகவும் கீழ்முனையைச் சாய்வாகவும் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் எது தலை எது கால் என்று பிறகு தெரியாது. பாதி மணல், பாதி மக்கிய மண். தலை மேலாக நிறுத்தி, மேலே கொஞ்சம் மணல் தூவினேன். தண்ணீர் கொஞ்சமாகத்தான், ஈரம் மிஞ்சினால் அழுகிவிடும். பன்னிரண்டு துண்டு வைத்ததில் இன்று காலை எட்டில் பச்சை தெரிகிறது. தினமும் விடியுமுன் டார்ச்சோடு போய்ப் பார்க்கிறேன்.

விதை போட்டிருக்கலாமே என்று கேட்பாய். விதையில் வருவது தாய்ச்செடி நிறத்திலேயே வரும் என்று நிச்சயமில்லை. வேரில் வருவது அதே செடி. அதே சிவப்பு, அடியில் அதே கறுப்புப் பொட்டு. எனக்கு வேறு சிவப்பு வேண்டாம்.

ஒரே பயம் டிசம்பர் மழை. பூ முடிந்ததும் இலையெல்லாம் காய்ந்து செடி உறங்கப் போகும். நமக்கு அப்போதுதான் இடியும் மழையும். உறங்குகிற வேர் தண்ணீரில் நின்றால் போச்சு. குழாயடியில் அவர் ஏன் கல் அடுக்கி மேடு கட்டினார் என்று இப்போதுதான் புரிகிறது. இத்தனை வருஷமும் அழகுக்கு என்றே நினைத்திருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நீ எத்தனை முறை கேட்டாலும் சாட்ஸ்வொர்த்துக்குத் தரமாட்டேன். உங்கள் ஊர்ப் புழுக்கம் அதற்கு ஆகாது, குளிர்காலத்தில் நல்ல குளிர் வேண்டும். ஆனால் நியூகாசிலில் உன் மகள் வீட்டில் உறைபனி விழுகிறதே! வீட்டுக்கு வடக்குப் பக்கம், நாள் முழுக்க வெயில் படுகிற, தண்ணீர் தேங்காத இடம் இருக்கிறதா என்று கேட்டு எழுது. இரண்டு தொட்டி அவளுக்கு. மண்கட்டி உடையாமல் நட வேண்டும், அதனால் நானே வருவேன். கோடையில் இலை காய்ந்தால் செத்துவிட்டது என்று பிடுங்கிவிடக் கூடாது, இதை அவளிடம் இப்போதே சொல்லிவை. ஏப்ரலில் திரும்பி வரும்.

புரட்டாசி விரதம் முடிந்ததும் தம்பி வண்டி ஓட்டுகிறேன் என்கிறான். நீயும் அங்கே வந்துவிடு. கசகசா அரைத்துவிட்ட அந்தக் குருமா பாக்கி இருக்கிறது, மறக்கவில்லை.

உன்
சரோஜா